அன்று சன் யாட் சென் எங்கே இருந்தார்?



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். "தாத்தா, ஃபேஸ்புக்ல இவ்வளவு எழுதினா யாரும் படிக்க மாட்டாங்க" என்று பேத்தி இப்போதே சொல்லிவிட்டாள். என் வகுப்பில் நாற்பத்தைந்து நிமிடம் உட்கார்ந்து பழகியவர்களுக்கு இது ஒன்றும் பெரிய தண்டனை இல்லை என்று அவளுக்குப் பதில் சொல்லியிருக்கிறேன்.

ஒரு பழைய கடனைத் தீர்க்கத்தான் இதை எழுதுகிறேன். "1911ஆம் ஆண்டு சீனப் புரட்சியை நடத்தியவர் யார்?" விடை: டாக்டர் சன் யாட் சென். ஒரு மதிப்பெண். இதை எத்தனை ஆண்டுகள் கரும்பலகையில் எழுதிப் போட்டிருப்பேன்! ஒருநாள் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து, "சார், புரட்சி நடந்த அன்னிக்கு அவர் எந்த ஊர்ல இருந்தார்?" என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் மனம் வரவில்லை. "அது பரீட்சைக்கு வராது, உட்கார்" என்றேன். உட்கார்ந்துவிட்டான். அதன்பிறகு அவன் என் வகுப்பில் கேள்வி கேட்டதாக எனக்கு நினைவில்லை.

பணி ஓய்வுக்குப் பிறகு நிதானமாகப் படித்தபோதுதான் விடை கிடைத்தது.

1911 அக்டோபர் 10ஆம் தேதி இரவு, யாங்சி ஆற்றங்கரையில் உள்ள வூச்சாங் நகரில் புரட்சி வெடித்தபோது சன் யாட் சென் சீனாவிலேயே இல்லை. அமெரிக்காவில், நிதி திரட்டும் பயணத்தில் இருந்தார். சில நாட்களுக்கு முன்பே சங்கேத மொழியில் அவருக்கு ஒரு தந்தி வந்திருந்தது. அதைப் பிரித்துப் படிப்பதற்கான குறிப்பேடு வேறு பெட்டியோடு போய்விட்டதால் தந்தி படிக்கப்படாமலே கிடந்தது. டென்வர் நகரில் செய்தித்தாளைப் பார்த்துத்தான், வூச்சாங்கைப் புரட்சிக்காரர்கள் பிடித்துவிட்டார்கள் என்று தெரிந்துகொண்டார். இதை அவரே எழுதிவைத்திருக்கிறார்.

அப்படியானால் அன்றிரவு வூச்சாங்கில் துப்பாக்கி தூக்கியவர்கள் யார்? அரசாங்கத்திடம் சம்பளம் வாங்கிய சிப்பாய்கள். அவர்களில் பலர் சேர்ந்திருந்த ரகசிய அமைப்பு ஒன்றின் பெயர் 'இலக்கியச் சங்கம்'. அது ஊரை ஏமாற்ற வைத்த பெயர்தான். ஆனால் சிப்பாய்கள் கூடி இலக்கியம் பேசுகிறார்கள் என்றால் யாரும் சந்தேகப்படாத அளவுக்கு அந்தப் படையில் படித்தவர்கள் இருந்தார்கள். படித்த பிள்ளைகள் ஏன் பட்டாளத்தில் வந்து சேர்ந்தார்கள்? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். அது ஒரு பரீட்சையில் கொண்டுபோய் நிறுத்தியது.

ஏறத்தாழ 1,300 ஆண்டுகள் சீனப் பேரரசு தன் அதிகாரிகளைத் தேர்வு வைத்துத்தான் எடுத்தது. முதல் நிலையில் தேறியவர் சியூசாய். மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் மாகாணத் தேர்வில் தேறியவர் ஜூரென். தலைநகரில் நடக்கும் தேர்விலும் தேறினால் ஜின்ஷி. நம் ஊரில் கலெக்டர் ஆன பிள்ளையை ஊரே கூடி வரவேற்பதுபோல, ஜின்ஷி ஆனவரின் வீட்டு வாசலில் கொடிக்கம்பம் நட்டார்கள்.

நான்ஜிங் நகரத் தேர்வுக்கூடத்தில் மட்டும் 20,000க்கும் மேற்பட்ட சிற்றறைகள் இருந்தன. அறை என்று சொல்வதே அதிகம். ஆள் கை நீட்ட முடியாத அகலம், இரண்டு பலகைகள். பகலில் ஒன்று இருக்கை, மற்றொன்று மேசை. இரவில் இரண்டையும் சேர்த்துப் போட்டால் கட்டில். சோற்றையும் பாயையும் கொண்டுபோய், மூன்று கட்டமாக ஒன்பது நாட்கள் எழுத வேண்டும். விடைத்தாளில் கையெழுத்தை வைத்து ஆளை அடையாளம் கண்டுவிடக்கூடாது என்று, எழுத்தர்கள் அத்தனை விடைகளையும் வேறு தாளில் நகலெடுத்தார்கள். நாம் இன்று பொதுத்தேர்வில் விடைத்தாளுக்கு டம்மி நம்பர் போடுகிறோமே, அதன் கொள்ளுப்பாட்டன்!

இதைப் பொற்காலம் என்று நினைத்துவிடாதீர்கள். பெண்களுக்கு அந்தத் தேர்வில் இடமே கிடையாது. மாகாணத் தேர்வில் நூறு பேர் எழுதினால் ஒருவர் தேறுவதே பெரிது. எழுத வேண்டியதோ, 'எட்டுக்கால் கட்டுரை' என்ற கட்டுப்பெட்டியான வடிவம். கணிதம், அறிவியல், உலக நடப்பு எதுவும் தேவையில்லை. 1897இல் நான்ஜிங்கில் தேர்வெழுதப் போன சென் டூஷியூ என்ற இளைஞர், தன் வாழ்க்கைக் குறிப்பில் ஒரு காட்சியைச் சொல்கிறார். வெயில் தாங்காமல் ஒரு பருத்த மனிதர், உடம்பில் துணியே இல்லாமல், சடையைத் தலைமேல் சுற்றிக்கொண்டு, தன் கட்டுரையைத் தானே வாசித்து ரசித்தபடி நடைபாதையில் உலாத்திக்கொண்டிருந்தாராம். இவர்கள் அதிகாரிகளானால் நாடு என்ன ஆகும் என்று யோசித்தபடி நின்றுவிட்டார் சென். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், பின்னால் வருவார்.

ஆனாலும் அந்தத் தேர்வுக்கு ஒரு பலம் இருந்தது. ஒரு கிராமத்துப் பையன் வீட்டிலிருந்தே படிக்கலாம். சில புத்தகங்களும் ஒரு வாத்தியாரும் போதும். தேறினாலும் தேறாவிட்டாலும் 'அடுத்த முறை பார்ப்போம்' என்ற எண்ணம் அவனை அரசோடு கட்டிப்போட்டிருந்தது. லட்சக்கணக்கான படித்த குடும்பங்களின் நம்பிக்கை அந்த ஒரு கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்தக் கயிற்றை அறுத்தவர்கள் புரட்சிக்காரர்கள் அல்லர், அரசாங்கமேதான்.

காரணம் இருந்தது. 1895இல் ஜப்பானிடம் தோல்வி. 1900இல் பாக்ஸர் கிளர்ச்சி. எட்டு நாட்டுப் படைகள் பீஜிங்கில் நுழைந்தன. இந்தியச் சிப்பாய்களும் பிரிட்டிஷ் கொடியின் கீழ் அங்கே போனார்கள். 1901இல் சீனாவின் தலையில் 45 கோடி டேல் வெள்ளி அபராதம் விழுந்தது. டேல் என்பது அவர்களுடைய எடைக்கணக்கு. ஒரு சீனருக்கு ஒரு டேல் வீதம், 39 ஆண்டுத் தவணை. பழைய படிப்பை வைத்துக்கொண்டு இனிப் பிழைக்க முடியாது என்பது பேரரசி சிசிக்கே புரிந்துவிட்டது.

முதலில் நிதானமாகத்தான் திட்டமிட்டார்கள். புதிய பள்ளிகளைத் திறந்துகொண்டே, தேர்வில் தேர்ச்சி பெறுவோர் எண்ணிக்கையைப் பத்தாண்டுகளில் படிப்படியாகக் குறைப்பது என்பது 1904ஆம் ஆண்டுத் திட்டம். அதற்குள் ஜப்பான் ரஷ்யாவையே தோற்கடித்துவிட்டது. பெரிய அதிகாரிகளுக்குப் பொறுமை போய்விட்டது. பழைய தேர்வு இருக்கும்வரை எவனும் புதிய பள்ளிக்கு வரமாட்டான், உடனே நிறுத்துங்கள் என்று மனு கொடுத்தார்கள். அவர்களில் முக்கியமானவர்கள் இருவர். ஒருவர் வூச்சாங்கில் இருந்து ஆண்ட சாங் சிதோங், தானே ஜின்ஷி. மற்றவர் படைத்தலைவர் யுவான் ஷிகாய், இளமையில் இரண்டு முறை தேர்வெழுதித் தோற்றவர். 1905 செப்டம்பர் 2ஆம் தேதி ஆணை வந்தது. அடுத்த ஆண்டு முதல் தேர்வு கிடையாது. பத்தாண்டுத் திட்டம் ஒரே நாளில் முடிந்தது.

இனி உங்களுக்கு ஒரு வாத்தியாரை அறிமுகப்படுத்துகிறேன். பெயர் லியூ தாபெங். வட சீனாவின் ஷான்சி மாகாணத்தில், தாய்யுவான் அருகே சீச்சியாவ் என்ற கிராமம். 1857இல் பிறந்தவர். 1894இல் ஜூரென் ஆனார். அதற்குமேல் மூன்று முறை முயன்றும் தேறவில்லை. ஒரு பணக்கார வணிகர் வீட்டில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக் குடும்பத்தைக் காப்பாற்றினார். இவர் பிரமுகர் இல்லை. ஆனால் பல பத்தாண்டுகள், 1942இல் சாகும்வரை, நாட்குறிப்பு எழுதினார். அதனால்தான் இன்று நமக்கு இவரைத் தெரிகிறது.

தேர்வு நின்ற செய்தி வந்த நாட்களில் அவர் எழுதியதைப் பற்றிப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். விடியற்காலையில் கண் விழித்தால் மனம் அணைந்துபோன சாம்பலாகக் கிடந்ததாம். அடுத்து அவருடைய கவலை சக ஆசிரியர்களைப் பற்றியது. பாடம் சொல்வதைத் தவிர வேறு தொழில் தெரியாதவர்கள், இனி எப்படிச் சாப்பிடுவார்கள்? சில ஆண்டுகளில் அவருடைய ஆசிரியர் வேலையும் போயிற்று. கன்ஃபூசியஸ் படித்த அந்தக் கை, சிறிய நிலக்கரிச் சுரங்கங்களின் கணக்கைப் பார்த்துப் பிழைத்தது. அந்த ஆணையில் தவறென்று சொல்ல எனக்கு வரவில்லை. பாடத்திட்டம் மாறத்தான் வேண்டும். ஆனால் பாதி வழியில் நிற்பவர்களை என்ன செய்வது என்று அந்த ஆணையில் போதிய பதில் இல்லை.

புதிய பள்ளிகள் வந்தன. பெரும்பாலும் நகரங்களில், கட்டணத்தோடு. அவற்றை நடத்த கிராமங்களில் புதுப்புது வரி. கோயில் இடங்களையும் கோயில் சொத்தையும் பள்ளிக்கு எடுத்துக்கொண்டார்கள். தன் பிள்ளை போக முடியாத பள்ளிக்குத் தான் வரி கட்ட வேண்டும் என்றால் குடியானவனுக்கு எப்படி இருக்கும்? பல இடங்களில் மக்கள் புதிய பள்ளிகளையே கொளுத்தினார்கள். 1910 ஏப்ரலில் அரிசி விலை தாறுமாறாக ஏறியபோது சாங்ஷா நகரில் எழுந்த கலவரத்தில் ஆளுநர் மாளிகையோடு புதிய பள்ளிகளும் எரிந்தன. பள்ளிக்கூடம் எரிவதை நினைத்தாலே எனக்கு வயிறு கலங்குகிறது. ஆனாலும் அவர்கள் கோபம் புரிகிறது.

வசதி உள்ள பிள்ளைகள் ஜப்பானுக்குப் படிக்கப் போனார்கள். 1905, 1906 வாக்கில் ஆயிரக்கணக்கான சீன மாணவர்கள் அங்கே இருந்தார்கள். இங்கே ஒரு தேதிப் பொருத்தத்தைக் கவனியுங்கள். சன் யாட் சென் தலைமையில் புரட்சிக் குழுக்கள் ஒன்றுசேர்ந்து 'தோங்மெங்ஹுய்' என்ற கூட்டமைப்பைத் தோக்கியோவில் தொடங்கியது 1905 ஆகஸ்ட் 20. தேர்வு ஒழிந்தது செப்டம்பர் 2. இடையில் இரண்டு வாரம்கூட இல்லை. ஒரு கதவு மூடிய அதே மாதத்தில் இன்னொரு கதவு திறந்திருந்தது.

அந்தக் கதவுக்குள் பெண்களும் போனார்கள். சியூ ஜின் என்ற கவிஞர் கட்டிய பாதங்களை அவிழ்த்துக்கொண்டு, கணவன் வீட்டை விட்டு, 1904இல் ஜப்பான் போனார். திரும்பி வந்து ஷாவோசிங் நகரில் ஒரு பள்ளியை நடத்தினார். உள்ளே நடந்தது புரட்சிக்கான பயிற்சி. 1907 ஜூலை 15ஆம் தேதி அவர் தலையை வெட்டினார்கள்.

ஜப்பான் போக வசதி இல்லாத படித்த பையன்கள்? அவர்களுக்குத்தான் பட்டாளம். அரசு அப்போது 'புதிய படை' என்று நவீன முறையில் ஒரு படையைத் திரட்டிக்கொண்டிருந்தது. எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு முன்னுரிமை. 1905இல் வூச்சாங்கை அடுத்த ஹுவாங்பியில் சேர்ந்த 96 பேரில் 36 பேர் முதல் நிலைத் தேர்வில் தேறியவர்கள் என்று அவர்களோடு சேர்ந்த ஒருவர் பின்னாளில் நினைவுகூர்ந்தார். நாளை அதிகாரி ஆவோம் என்று படித்தவர்கள், சாதாரணச் சிப்பாயாக வரிசையில் நின்றார்கள். பகலில் பயிற்சி, இரவில் தடை செய்யப்பட்ட புத்தகங்கள். 1911இல் ஹுபெய் மாகாணப் புதிய படையில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் ரகசியச் சங்கங்களின் உறுப்பினர். பள்ளிகளையும் ஆலைகளையும் படையையும் வூச்சாங்கில் உருவாக்கியவர் அதே சாங் சிதோங்தான். அரசைக் காப்பாற்றத்தான் அவர் அத்தனையும் செய்தார். 1909இல் இறந்துபோனதால் முடிவைப் பார்க்கவில்லை.

மீதிக் கதை வேகமானது. 1911 மே மாதம், மாகாண மக்கள் பங்கு போட்டுக் கட்டவிருந்த ரயில் பாதைகளை அரசு தன்வசம் எடுத்துக்கொண்டது. சிச்சுவான் மாகாணம் கொந்தளித்தது. செப்டம்பரில் செங்டு நகரில் துப்பாக்கிச் சூடு. அதை அடக்க ஹுபெய் படையில் ஒரு பகுதியை அங்கே அனுப்பினார்கள். வூச்சாங்கில் காவல் குறைந்தது.

அக்டோபர் 9ஆம் தேதி, ஆற்றின் எதிர்க்கரையில் ஹான்கௌ நகரில், புரட்சிக்காரர்கள் தயாரித்துக்கொண்டிருந்த குண்டு தவறுதலாக வெடித்தது. உறுப்பினர் பட்டியல் அதிகாரிகள் கையில் சிக்கியது. மறுநாள் விடியலில் மூன்று பேருக்கு மரண தண்டனை நிறைவேற்றினார்கள். பட்டியலில் பெயர் இருப்பவர்களுக்கு இனி இரண்டே வழி: காத்திருந்து சாவது, அல்லது இன்றே எழுவது. அன்றிரவு பொறியாளர் பிரிவில் முதல் துப்பாக்கி வெடித்தது. ஆயுதக் கிடங்கைப் பிடித்தார்கள். ஆளுநர் ஆற்றில் நின்ற படகுக்கு ஓடிவிட்டார். விடிந்தபோது வூச்சாங் அவர்கள் கையில்.

ஆனால் தலைவன்? குண்டு வெடித்ததில் ஒருவருக்குக் காயம், மற்றவர் தப்பியோடியிருந்தார். கடைசியில் புரட்சியில் சம்பந்தமே இல்லாத லி யுவான்ஹோங் என்ற படை அதிகாரியை, அவர் மறுக்க மறுக்க, தலைமையில் உட்காரவைத்தார்கள்.

இரண்டு மாதங்களுக்குள் பெரும்பாலான மாகாணங்கள் பேரரசிலிருந்து விலகுவதாக அறிவித்தன. ஹுபெய் மாகாண அவைத் தலைவர் தாங் ஹுவாலோங்கும் ஹூனான் மாகாண அவைத் தலைவர் டான் யான்காயும் புதிய ஆட்சியின் பக்கம் போனார்கள். இருவரும் 1904ஆம் ஆண்டில் ஜின்ஷி ஆனவர்கள், அதாவது கடைசித் தேர்வில் தேறியவர்கள். பழைய ஆட்சியின் கடைசி விளைச்சல்கூட அதன் களஞ்சியத்துக்கு வந்து சேரவில்லை.

சன் யாட் சென் லண்டன், பாரிஸ் வழியாக டிசம்பர் 25ஆம் தேதி ஷாங்காய் வந்து சேர்ந்தார். 1912 ஜனவரி 1ஆம் தேதி தற்காலிகக் குடியரசுத் தலைவர். பிப்ரவரி 12ஆம் தேதி ஆறு வயது பேரரசர் பூயி முடி துறந்தார். மார்ச்சில் சன் விலகிக்கொடுக்க, யுவான் ஷிகாய் தலைவரானார். பின்னாளில் தானே பேரரசராகப் பார்த்து, நாடே எதிர்க்க, 1916இல் இறந்தார். அதன்பின் ஊருக்கு ஒரு படைத்தலைவன் ஆட்சி.

1919 மே 4ஆம் தேதி, ஷான்டோங்கில் ஜெர்மனி வைத்திருந்த உரிமைகளை ஜப்பானுக்குக் கொடுக்கும் முடிவை எதிர்த்து 3,000 மாணவர்கள் பீஜிங்கில் திரண்டார்கள். ஒப்பந்தத்தில் சீனா கடைசிவரை கையெழுத்துப் போடவில்லை. அந்த மாணவர்களுக்கு வழிகாட்டியது 'புதிய இளைஞன்' பத்திரிகை. அதை நடத்தியவர், நான்ஜிங்கில் அந்தப் பருத்த மனிதரைப் பார்த்து நின்ற சென் டூஷியூ. இரண்டாண்டு கழித்துச் சீனக் கம்யூனிஸ்ட் கட்சியைத் தொடங்கியவர்களிலும் அவர் ஒருவர். அதன் முதல் மாநாட்டுக்குப் போனவர்களில் ஓர் இளைஞர் சாங்ஷாவின் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் படித்தவர். மாவோ. தேர்வு ஒழிந்தபோது அவருக்கு வயது 11.

ஒரு பரீட்சையை நிறுத்தியதால்தான் பேரரசு விழுந்தது என்று நான் சொல்லவில்லை. அபராதம், பஞ்சம், ரயில் பாதை, மஞ்சூ அரச வம்சத்தின் மீதிருந்த வெறுப்பு எல்லாம் சேர்ந்துதான் விழுந்தது. சன் யாட் சென் பல ஆண்டுகள் தோல்விமேல் தோல்வி கண்டும் விடாமல் ஊட்டிய நம்பிக்கையும் அதில் உண்டு. அவரைக் குறைத்துச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் ஒன்று சொல்வேன். படித்த பிள்ளைக்கு ஒரு வழியை அடைத்தால், அடைப்பதற்கு முன்பே இன்னொரு வழியைத் திறந்து வைத்திருக்க வேண்டும். அந்தப் பத்தாண்டு நிதானம் சீன அரசுக்கு இல்லை. ஆறே ஆண்டுகளில் விலை கொடுத்தது.

இப்போது அந்தக் கடைசி பெஞ்ச் மாணவனுக்கு. தம்பி, நீ எங்கே இருக்கிறாய் என்று தெரியாது. இந்தப் பதிவு உன் கண்ணில் படுமா என்றும் தெரியாது. நீ கேட்டது மிக நல்ல கேள்வி. அவர் டென்வரில் இருந்தார். இந்த விடைக்கு நான் உன்னை இத்தனை ஆண்டுகள் காக்க வைத்திருக்கக்கூடாது. அன்று உன்னை உட்காரச் சொன்னதற்கு என்னை மன்னித்துவிடு.

ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்களே, உங்கள் வகுப்பில் எவனாவது இப்படி எழுந்து நின்றால், "தெரியவில்லை, நாளைக்குப் பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள். மானம் ஒன்றும் போய்விடாது.

பிழை இருந்தால் சுட்டிக்காட்டுங்கள். கேள்விகளைக் கீழே எழுதுங்கள். இந்த முறை யாரையும் உட்காரச் சொல்ல மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்